300 எம்பிபிஎஸ் பிளான்... ஆனா டிவியில் 94-தான் வருதா? வீட்டு இன்டர்நெட் வயரிங்கில் எந்த கேபிள் போடணும்?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்தாச்சு. மாசாமாசம் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு பணமும் கட்டியாச்சு. ஆனா மாடி ரூமில் கேபிள் சொருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94, 95-க்கு மேல் நகரவே மாட்டேங்குது. பலரும் உடனே போன் போட்டு திட்டுவது இன்டர்நெட் கம்பெனியைத்தான். ஆனால் பல வீடுகளில் பிரச்னை இருப்பது சுவருக்குள் போன கேபிளில்!

அது என்ன 94 கணக்கு?

ஈதர்நெட் கேபிளுக்குள் மொத்தம் 8 கம்பிகள், அதாவது 4 ஜோடிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 2 ஜோடி போதும். 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு 4 ஜோடியும் வேலை செய்யணும். ஒரே ஒரு கம்பி சரியாக கிரிம்ப் ஆகாமல் விட்டுப்போனாலும், இரு பக்கக் கருவிகளும் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் கையில் கிடைப்பது சுமார் 94. இணைப்பு கட் ஆகாது, வேகம் மட்டும் குறையும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது.

இன்னொரு காரணமும் உண்டு. பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கும் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த கேபிள் போட்டாலும் 94-ஐ தாண்டாது. அதனால் கேபிளை குறை சொல்வதற்கு முன், ஜிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பை அதே கேபிளில் சொருகிப் பார்ப்பது நல்லது.

கேட் 5ஈ, 6, 6ஏ... என்ன வித்தியாசம்?

* கேட் 5ஈ: 100 மீட்டர் தூரம் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். ஏற்கெனவே வீட்டில் இது ஓடியிருந்து, நன்றாக வேலை செய்தால் பிடுங்கிப் போட வேண்டிய அவசியம் இல்லை. 2016-ல் வந்த புதிய தரநிலைப்படி, இதே கேபிளில் 2.5 ஜிபிபிஎஸ் வரை கூட எடுக்கலாம்.
* கேட் 6: 1 ஜிபிபிஎஸ் தாராளமாக ஓடும். சுமார் 55 மீட்டருக்குள் 10 ஜிபிபிஎஸ் வரை போகும். சாதாரண வீட்டில் ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு 30 மீட்டரே அதிகம். புதுசாக வயரிங் போடுபவர்களுக்கு இதுதான் சரியான தேர்வு.
* கேட் 6ஏ: முழு 100 மீட்டருக்கும் 10 ஜிபிபிஎஸ். ஆனால் கேபிள் தடிமனாக, விறைப்பாக இருக்கும். பைப்புக்குள் இழுப்பதும் வளைப்பதும் கஷ்டம். விலையும் கூடுதல்.
* கேட் 7, கேட் 8: "நம்பர் பெருசு, அதனால் பெஸ்ட்" என்று நினைத்து ஏமாற வேண்டாம். கேட் 8 என்பது டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்த உருவாக்கப்பட்டது. வீட்டுக்கு அது தேவையே இல்லை.

உண்மையான வில்லன் சிசிஏ

நம்பரை விட முக்கியமான கேள்வி: கம்பி முழு செம்பா, இல்லையா? கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் சில 'கேட் 6' கேபிள்களில் உள்ளே இருப்பது அலுமினியம். மேலே செம்புப் பூச்சு மட்டும்தான். இதற்குப் பெயர்தான் சிசிஏ. ஈதர்நெட் கேபிளுக்கான தரநிலைகள் இதை ஏற்பதில்லை.

அலுமினியத்தில் மின்தடை அதிகம், எளிதில் முறியவும் செய்யும். இன்டர்நெட்டுக்கு மட்டும் என்றால் கொஞ்ச நாள் ஓடிவிடலாம். ஆனால் இன்று பல வீடுகளில் சிசிடிவி கேமராவுக்கு கரன்ட்டும் இதே கேபிளில்தான் போகிறது. பிஓஇ எனப்படும் இந்த முறையில், கேபிள் நீளமாக இருந்தால் கேமராவுக்குப் போய்ச் சேரும் மின்சாரம் குறையும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கும்போது கூடுதல் மின்சாரம் கேட்கும். அது கிடைக்காவிட்டால் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகும். கேமரா தேவைப்படுவதே ராத்திரியில்தானே? கேபிள் அளவுக்கு மேல் சூடாகும் ஆபத்தும் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு கம்பியின் முனையை கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் முழு செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் சிசிஏ. முழு செம்பு பெட்டி கையில் தூக்கும்போதே கனமாக இருக்கும். பில்லில் 'முழு செம்பு' என்று எழுதி வாங்குவது பின்னால் உதவும்.

வயரிங் போடும்போது கவனிக்க வேண்டியவை

* கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளை இழுக்க விடாதீர்கள். தனி பைப் வேண்டும். வேகம் மட்டுமல்ல, இது பாதுகாப்பு விஷயமும் கூட.
* கான்கிரீட் போடும் முன்பே ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு இன்ச் பைப் விட்டுவிட்டால், பத்து வருஷம் கழித்து கேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சுவரை உடைக்க வேண்டாம்.
* மொட்டை மாடி, வெளிச்சுவர் கேமராக்களுக்கு வெயிலும் மழையும் தாங்கும் அவுட்டோர் கேபிள் போடணும். சாதாரண கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும்.
* வீட்டுக்கு சாதாரண யூடிபி போதும். உலோக உறை போட்ட எஸ்டிபி கேபிளுக்கு சரியான எர்த்திங் இல்லையென்றால் கூடுதல் பணத்துக்குப் பலன் இருக்காது.
* பூச்சு வேலைக்கு முன் 8 கம்பியும் சரியா என்று டெஸ்டர் வைத்து, எலக்ட்ரீஷியனை கண் முன்னே காட்டச் சொல்லுங்கள்.

அப்போ முடிவா எது வாங்கலாம்?

புது வீடு என்றால் முழு செம்பு கேட் 6. பழைய வீட்டில் கேட் 5ஈ ஒழுங்காக ஓடினால் அப்படியே விட்டுவிடலாம். வீட்டுக்குள்ளேயே பெரிய வீடியோ ஃபைல்களை சர்வரில் வைத்து வேலை செய்பவர்கள் மட்டும் கேட் 6ஏ பற்றி யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை ஒரு ரூமுக்கு ஒரு கேபிளுக்குப் பதில் இரண்டாக இழுக்கச் செலவு செய்தால், ஒன்று பழுதானாலும் இன்னொன்று கைகொடுக்கும்.