ஒரே பக்கம் திரும்பும் தலை

கரிசல் காட்டுக் கிராமங்களிலே, பிறந்து சில வாரங்களே ஆன சிசு ஓயாமல் அழுதாலும், கழுத்தை ஒரு பக்கம் திருப்ப மறுத்தாலும், வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "உரம் விழுந்திருக்கிறது." அடுத்தபடியாக உரம் எடுக்கத் தெரிந்த பாட்டியைத் தேடிப் போவார்கள். அந்த அம்மாள் குழந்தையை ஒரு பழஞ்சேலையில் கிடத்துவாள். இருவரை இரு முனைகளையும் பிடிக்கச் சொல்லி, இப்படியும் அப்படியுமாக உருட்டி எடுப்பாள். அழுது களைத்த குழந்தை தூங்கிப் போகும். "இனிப் பயமில்லை" என்று சொல்லிப் பாட்டி எழுந்து போவாள்.

அந்தப் பாட்டியைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. அவள் சொன்னதிலே பாதி உண்மை இருக்கிறது. கோளாறு தசையிலே என்பதை அவள் சரியாகவே கண்டு கொண்டாள். ஆனால் ஒரு நாளில் வந்து இரண்டு நாளில் போகும் சுளுக்கு வேறு. பிறவியிலேயே குறுகிப்போன தசை வேறு. முன்னது உருட்டினாலும் போகும், உருட்டாவிட்டாலும் போகும். பின்னது எத்தனை தடவை உருட்டினாலும் போகாது. முரட்டுத்தனமாக இழுத்தாலோ பச்சைக் கழுத்துக்கு ஆபத்து. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாமையால் வீணாகும் வாரங்களைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து புறப்பட்டு, மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை ஒன்று கழுத்தின் இரு புறமும் இருக்கிறது. கருப்பையில் நெருக்கிக் கிடந்ததாலோ, பிரசவத்தின்போது நேர்ந்த சிரமத்தாலோ, சில குழந்தைகளுக்கு இவற்றுள் ஒன்று இறுகிக் குறுகிவிடுகிறது. வலப்புறத் தசை இறுகினால், தலை வலத் தோளை நோக்கிச் சாயும். முகமோ இடப்புறம் திரும்பி நிற்கும். பிறந்த சில வாரங்களில் அந்தத் தசையிலே சிறு கட்டி போல ஒன்று தட்டுப்படுவதும் உண்டு. அதைக் கண்டு தாய் நடுங்க வேண்டாம். பெரும்பாலும் அது தானே கரைந்துவிடும். ஆனால் வைத்தியர் அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

கழுத்து சாய்ந்தவன் உலகத்தில் ஒன்றும் சாதிக்க மாட்டான் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. மகா அலெக்ஸாந்தரின் கழுத்து சற்றே இடப்புறம் சாய்ந்திருந்ததாகக் கிரேக்க ஆசிரியர் புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார்!

இனித் தலையின் கதைக்கு வருவோம். சிசுவின் மண்டை ஒரே ஓடல்ல. பல எலும்புகள் சேர்ந்தது. மூளை வளர இடம் வேண்டுமென்பதற்காக அந்த எலும்புகளின் இணைப்புகள் இளகியிருக்கின்றன. உச்சிக்குழி மூடுவதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பிறக்கும்போது சுமார் 34 சென்டிமீட்டராக இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 45 ஆகிவிடுகிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுப் பூர்வ குடிகள் சிசுக்களின் தலையைக் கட்டி நீள வடிவாக்கினார்கள் என்றால், அந்த மண்டை எவ்வளவு இளக்கமானது என்று பார்த்துக் கொள்ளுங்கள். கட்டுப் போடாமலே தரையும் அந்த வேலையைச் செய்துவிடும். முகம் எப்போதும் இடப்புறமே திரும்பியிருக்குமானால், பின் தலையின் இடப்பக்கமே பாயில் அழுந்தும், அது தட்டையாகும். பிறகு அந்தத் தட்டையான இடமே தலைக்கு வசதியான தலையணையாகிவிட, குழந்தை மறுபக்கம் திரும்பவே விரும்பாது. கழுத்து தலையைக் கெடுக்க, தலை கழுத்தைக் கெடுக்கும்.

இந்தத் தட்டைத் தலை மேல்நாடுகளில் திடீரென்று அதிகமானதற்கு ஒரு சரித்திரம் உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணங்கள் குறைகின்றன என்று கண்டு, 1992-இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் அதைச் சிபாரிசு செய்தது. 1994-இல் நாடெங்கும் பிரசாரம் நடந்தது. சில வருஷங்களில் அத்தகைய மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகிவிட்டன. உயிர்கள் பிழைத்தன, தட்டைத் தலைகள் பெருகின. கானடாவில் கால்கரி நகரில் 7 முதல் 12 வாரம் வரையுள்ள 440 சிசுக்களைப் பரிசோதித்தபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தலை ஓரளவு தட்டையாக இருந்ததாக 2013-இல் அறிவித்தார்கள். ஆகையால் தலை உருண்டையாக வேண்டுமென்று குழந்தையைக் குப்புறத் தூங்க வைக்க எந்தத் தாயும் துணியக் கூடாது. தூங்கும்போது மல்லாந்தே கிடக்கட்டும். விழித்திருக்கும்போது, கண்ணெதிரே, தினம் இரண்டு மூன்று தடவை சில நிமிஷங்கள் குப்புறக் கிடத்துங்கள். தாயின் மார்பின் மேலேயே கிடத்தலாம். அதைவிட நல்ல மெத்தை உலகத்தில் கிடையாது.

இளையரசனேந்தல் போன்ற ஊரில் ஒரு தாய் என்ன செய்ய முடியும்? காட்டு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போய்த் திரும்பும் ஸ்திரீகளிடம், மணிக்கொரு தடவை குழந்தையைத் திருப்பச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ஆயினும் செலவில்லாத சில வழிகள் உண்டு. பாயில் இன்று தலை வைத்த பக்கம் நாளைக் கால் இருக்கட்டும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் எதிர்ப்புறமாகிவிட, குழந்தை தானே முகத்தைத் திருப்பும். அது திரும்ப மறுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். இடுப்பிலும் தோளிலும் பக்கம் மாற்றித் தூக்குங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் இரு பக்கமும் மாற்றிக் கொடுப்பது இயற்கையே அமைத்த தேகப்பயிற்சி. சேலைத் தூளி நமது பரம்பரைச் சொத்து; அதில் குழந்தை சுகமாகத் தூங்கும் என்பதும் வாஸ்தவம். ஆனால் துணி இரு புறமும் அணைத்துப் பிடிப்பதால் அதில் கிடக்கும் சிசுவுக்குத் தலையைத் திருப்ப இடமில்லை. உடல் வளைந்து மோவாய் மார்பில் படிந்தால் மூச்சுக்கும் தடை. நாள் முழுவதும் தூளியே கதியென்று விட்டுவிடலாகாது. எண்ணெய்க் குளியலின்போது தலையை அமுக்கி உருண்டையாக்குவதும் வேண்டாத காரியம். மண்டை எலும்பு அமுக்குவதற்கு மண்ணல்ல.

தலை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தோன்றினால், தடுப்பூசிக்குப் போகும் 6-ஆம் வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிவிடுங்கள். 10-ஆம் வாரம், 14-ஆம் வாரம் என்று தள்ளிப் போடாதீர்கள். இளையரசனேந்தல் வெகு காலம் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்து, 2008-இல் கோவில்பட்டித் தாலுகாவோடு சேர்க்கப்பட்ட ஊர். தாலுகாவும் ஜில்லாவும் மாறலாம். குழந்தையின் கழுத்துக்கு எல்லைக் கல் கிடையாது. கோவில்பட்டி அரசாங்க ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து மேலே போகவேண்டுமானால், 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் இளமையிலேயே கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை செய்வதற்கென்று மத்திய அரசாங்கத்தின் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்றும் 2013-இல் ஏற்பட்டிருக்கிறது. கேட்டுப் பெறுவது தாயின் உரிமை.

சிகிச்சை என்பது பெரும்பாலும் இயன்முறை வைத்தியமே. குறுகிய தசையை மெல்ல மெல்ல நீட்டும் பயிற்சியை வைத்தியர் தாய்க்குக் கற்றுக் கொடுப்பார். அதை வீட்டிலே தினமும் பல தடவை செய்ய வேண்டும். கண்ணால் பார்த்துக் கையால் பழகிய பிறகே செய்யலாம். கேள்விப்பட்டுச் செய்வது கூடாது. முதல் மாதத்துக்குள் தொடங்கினால், 100-க்கு 98 குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்திலேயே கழுத்து இயல்பாகத் திரும்புகிறது என்பது வைத்தியர்கள் கண்ட கணக்கு. ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் பல மாதங்கள் பிடிக்கும். சிலருக்குச் சஸ்திர சிகிச்சையும் தேவையாகும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நமது பெரியோர் கேட்டது வருஷக் கணக்கு; இங்கே மாதக் கணக்கு.

பட்டணங்களிலே தட்டைத் தலைக்குக் கவசம் மாட்டும் வைத்தியமும் வந்திருக்கிறது. அதற்குப் பெருந்தொகை ஆகும். மாதக் கணக்கில் தினம் 23 மணி நேரம் அணிய வேண்டும். கழுத்து இறுக்கம் இல்லாத, தலை தட்டையான 84 சிசுக்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் கவசம் மாட்டி ஹாலந்து தேசத்தார் சோதித்தார்கள். அதன் முடிவு 2014-இல் வெளிவந்தது. இரண்டு வயதில் தலை முற்றும் சீரானவர்கள் கவசம் அணிந்தவர்களில் 100-க்கு 26 பேர். அணியாதவர்களில் 23 பேர். இந்த வித்தியாசத்துக்காக நிலத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை. முற்றும் சீராகாவிட்டாலும், மிஞ்சிய தட்டையைத் தலைமயிர் மறைத்துவிடும். படுக்கையால் ஏற்படும் தட்டை மூளையை நெருக்குவதுமில்லை.

ஆனால் எல்லாத் தட்டைத் தலையும் படுக்கையால் வந்ததல்ல. மண்டை எலும்புகளின் இணைப்பு காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும் நோய் ஒன்று, சுமார் இரண்டாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. மண்டையில் வரப்புப் போல ஒரு மேடு தட்டுப்பட்டாலும், பிறக்கும்போதே கோணலாயிருந்த தலை நாளாக நாளாக மிகுதியாகக் கோணினாலும், தலை வளராமல் நின்றாலும் தாமதியாமல் டாக்டரிடம் போக வேண்டும். அதற்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் அன்றைக்கே, அந்த நேரமே போக வேண்டும். கழுத்து இறுகிய சிசுக்களில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தியிராது. அதையும் பார்க்கும்படி கேளுங்கள்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "தலையைச் சரியாகத் தேய்க்கவில்லை, ஒரே பக்கமாகப் போட்டுக் கெடுத்துவிட்டாள்" என்று பிள்ளை பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள். குற்றவாளி ஒரு சிறு தசை, தாயல்ல. அவள் தூக்கமிழந்த கண்களோடு பயிற்சி செய்யும் வேளையில், எதிர்ப்புறம் உட்கார்ந்து பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் உங்கள் குரலைத் தேடி முகத்தைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தசை கொஞ்சம் இளகுகிறது.