கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு விதி வேண்டும்

காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

மாகறலிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் கபடியும் வாலிபாலும் ஆடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சார்பில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இன்னொரு பெருந்தொற்று வருவதற்கு முன்பே, கல்லூரி மைதானங்களிலும் ஊர்த் திடல்களிலும் நடக்கும் போட்டிகளைப் பார்க்க எத்தனை பேரை, எந்த முறையில், யார் பொறுப்பில் அனுமதிப்பது என்று மாவட்ட அளவில் ஒரு விதியை எழுதி வையுங்கள்.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். இப்போதுதான் பேச முடியும் என்பதே என் பதில். தொற்று பரவிக்கொண்டிருக்கும்போது எந்த அதிகாரிக்கும் கபடித் திடலைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது, இருக்கவும் கூடாது. படுக்கையும் ஆக்சிஜனும் தடுப்பூசியும்தான் அப்போது முன்னால் நிற்கும். அந்த நெருக்கடியில் மைதானத்தைப் பற்றி எடுக்க முடிகிற முடிவு ஒன்றே ஒன்றுதான்: பூட்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2020 மார்ச் 17 முதல் தமிழகத்தில் கல்லூரிகள் மூடப்பட்டன. அந்த வருடம் செப்டம்பரில் மைதானங்களைப் பயிற்சிக்குத் திறந்தபோது, பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது. டிசம்பர் 7 அன்று இறுதியாண்டு மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். 2021 பிப்ரவரி 8 அன்று மற்றவர்களும் வந்தார்கள். மார்ச் கடைசியில் மறுபடி மூடல். செப்டம்பர் 1 அன்று திறந்தார்கள். 2022 ஜனவரியில் அடைத்து, பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறந்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கான முதல் கேலோ இந்தியா போட்டிகள் 2020 பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் தொடங்கின. இரண்டாவது போட்டிகள் 2022 ஏப்ரலில்தான் பெங்களூரில் நடந்தன. இளங்கலைப் படிப்பு மூன்றே வருடம். 2019 ஜூனில் கல்லூரிக்குள் நுழைந்த ஒரு ஆட்டக்காரருக்கு இந்தத் தேதிகள் என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் பெரிய ஆட்டங்களுக்கு வழி பிறந்தது. ஐபிஎல் 2020 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போய் நடந்தது. சேப்பாக்கத்தில் 2021 பிப்ரவரி 5 அன்று தொடங்கிய இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் பார்வையாளர் இல்லாமல் நடந்தது; அதே மைதானத்தில் 13ஆம் தேதி தொடங்கிய அடுத்த டெஸ்டுக்குப் பாதி இருக்கைகளில் ஆட்களை அனுமதித்தார்கள். ஜல்லிக்கட்டுக்கு 2021 பொங்கலில் பாதிப் பார்வையாளர்கள் என்றும், 2022 பொங்கலில் 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, இதில் எது குறைவோ அது என்றும் விதி வந்தது. இவற்றை அனுமதித்ததில் எனக்குக் குறை இல்லை. இவற்றுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்தார்கள், கணக்குப் போட்டார்கள், எழுதினார்கள். கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்காக யாரும் அப்படி உட்காரவில்லை. அந்த வருத்தம்தான் எனக்கு.

ஆட்டம் நடந்தால் போதாதா, பார்க்க ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்து அணிக்கு அந்தக் கேள்வி பொருந்தலாம். எங்கள் பக்கத்தில் பார்வையாளர் என்பவர் வேடிக்கை பார்க்க வந்தவர் மட்டும் அல்ல. ஒரு பெண் கல்லூரி அணியில் ஆட வேண்டுமானால் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் சம்மதிக்க வேண்டும். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் ஆடுவதா என்று கேட்ட பெரியவர், ஒருமுறை திடலுக்கு வந்து அவள் நாலு பேர் பிடியிலிருந்து திமிறி நடுக்கோட்டைத் தொடுவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பெற்றோரை ஆட்டத்துக்கு வரவழைப்பதுதான் என் பாதி வேலையாக இருந்தது. ஷூ வாங்கித் தருகிற ஊர்க்காரரும், போட்டிக்குப் போக வேன் வைத்துத் தருகிற கடைக்காரரும், காவல்துறை அணிக்கும் ரயில்வே அணிக்கும் ஆள் தேடி வருகிற பயிற்சியாளரும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறார்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அதை நோக்கி ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை வைக்கிற முதல் அடி, யாரோ ஒருவர் கண்ணில் படுவது.

கூட்டத்தால் வரும் ஆபத்தைச் சிறிதாக்கிச் சொல்ல நான் வரவில்லை. 2020 பிப்ரவரி 19 அன்று இத்தாலியின் மிலான் நகரில் அட்டலாண்டாவும் வலென்சியாவும் மோதிய கால்பந்தாட்டத்தைப் பார்க்கப் பெர்கமோ ஊரிலிருந்து ஏறக்குறைய 40,000 பேர் பஸ்ஸிலும் ரயிலிலும் போனார்கள். சில வாரங்களில் பெர்கமோ ஐரோப்பாவிலேயே மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்றானது. தொற்று அவ்வளவு வேகமாகப் பரவ அந்த ஆட்டமும் ஒரு காரணம் என்று அதன் மேயரே சொன்னார். நமக்குப் பக்கத்திலேயே, 2021 மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரத்தில் யாராவது போட்டி நடத்த அனுமதி கேட்டிருந்தால் நானே எதிர்த்திருப்பேன்.

இன்னொரு நிகழ்ச்சி கபடிக்காரர்கள் எல்லோரையும் உலுக்கியது. 2021 மார்ச் 22 அன்று தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டித் தொடக்க விழாவில் தற்காலிக கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. தாளில் எத்தனை கட்டுப்பாடு இருந்தாலும், திடலில் தலையை எண்ண ஒருவர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் நம் விதிகளின் ஓட்டை இருக்கிறது. "50 சதவீதம்" என்பது எண் போட்ட இருக்கைகள் உள்ள ஸ்டேடியத்துக்கு எழுதிய விதி. நம் கல்லூரி மைதானங்கள் பலவற்றில் கேலரியே கிடையாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், மதில்மேல் உட்காருவார்கள், வேப்ப மரத்தடியில் குந்துவார்கள். எதில் பாதி என்று எடுப்பது? எண்ண முடியாத இடத்தில் சதவீதம் சொன்னால், பயந்த அதிகாரி முழுவதும் மூடுவார். துணிந்த அமைப்பாளர் முழுவதும் திறப்பார்.

எண்ண ஒரு வழி உண்டு. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். கோட்டிலிருந்து 4 மீட்டர் தள்ளி நான்கு பக்கமும் கயிறு கட்டுங்கள். ஒரு நீளப் பக்கத்தை வீராங்கனைகளுக்கும் ஸ்கோர் மேசைக்கும் ஒதுக்குங்கள். மீதி மூன்று பக்கமும் சேர்ந்து 52 மீட்டர் வரும். ஆளுக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டால் 26 பேர். இரண்டு மீட்டர் பின்னால் இன்னொரு வரிசை போட்டால் அங்கே 32 பேர். ஆக 58. ஓர் அணிக்கு 12 பேர், இரண்டு அணிக்கு 24 பேர். ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து இரண்டு பேர் என்றால் 48. ஆறடி இடைவெளி கெடாமலே அத்தனை குடும்பமும் நிற்க அந்தச் சிறிய திடலில் இடம் இருக்கிறது. சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆளை நிறுத்த அரை மணி நேரம் போதும். வாலிபால், கோகோ என்று ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கை இப்போதே போட்டு வைக்கலாம்.

குடும்பத்துக்கு முதல் இடம் என்பது உலகம் அறிந்த வழக்கம்தான். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையேயான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு லட்சம் பேர் கூடுவார்கள். 2020இல் அங்கே பிக் டென் என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு பொதுமக்களுக்கு டிக்கெட் விற்காமல் ஆட்டக்காரர்களின் குடும்பங்களை மட்டும் அனுமதித்தது. அடுத்த வருடம் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் தேசியப் போட்டி முழுவதையும் இண்டியானா மாநிலத்துக்குள்ளேயே நடத்தி, அரங்கின் கொள்ளளவில் 25 சதவீதத்துக்கு மேல் ஆட்களை விடவில்லை. தவறியவர்களிடமும் பாடம் இருக்கிறது. 2020 நவம்பர் 7 அன்று நோட்ரடேம் பல்கலைக்கழகம் கிளெம்சனை வென்றதும், கட்டுப்பாட்டோடு உட்கார்ந்திருந்த மாணவர்கள் கூட்டமாக மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ஆட்டம் முழுக்கக் காத்த இடைவெளி கடைசி விசிலில் போயிற்று. நம் ஊரிலும் ஆபத்தான நேரம் அதுதான். ஜெயித்த அணியைத் தோளில் தூக்குவார்கள். பரிசளிப்பு மேடையில் பொன்னாடையோடு முப்பது பேர் நெருக்கி நிற்பார்கள். விதி எழுதும்போது அந்தக் கடைசி நேரத்தையும் பரிசளிப்பையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலாவது, மாவட்டத்தில் போட்டி நடக்கும் ஒவ்வொரு கல்லூரி மைதானத்துக்கும் ஊர்த் திடலுக்கும் சாதாரண நாளில் எத்தனை பேர், தொற்று நாளில் எத்தனை பேர் என்று தலைக்கணக்கு நிர்ணயியுங்கள். சதவீதம் வேண்டாம், எண் வேண்டும்.

இரண்டாவது, முழுப் பூட்டுக்கும் முழுத் திறப்புக்கும் நடுவில் படிகள் வையுங்கள். மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பும் நிலையில் ஆட்டமே கூடாது. தொற்று இறங்கும்போது பார்வையாளர் இல்லாத ஆட்டம். அடுத்த படியில் வீட்டுக்கு இரண்டு பேர். அதற்கடுத்து உள்ளூர் மக்கள். எந்தப் படி எப்போது என்பதை மாவட்ட சுகாதார அலுவலர் முடிவு செய்யட்டும். அந்த முடிவுக்கான அளவுகோல் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது, பெண்கள் அணிகளின் குடும்பங்களுக்கு எந்தப் படியிலும் முன்னுரிமை கொடுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டத்துக்குப் பெண்ணை அனுப்ப எங்கள் பக்கத்து வீடுகள் பல தயங்கும். பையன்கள் எப்படியும் திரும்பி வருவார்கள். ஒரு பெண் ஒரு வருடம் ஆடாமல் நின்றால் அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும்.

நான்காவது, திடலுக்கு வெளியேயும் பாருங்கள். திறந்த வெளியில் இடைவெளி விட்டு நிற்பவரைவிட, டாடா ஏஸ் வண்டியில் இருபது பேராக நெருக்கி வருபவருக்கும், உடை மாற்றும் சிறிய அறையில் ஒன்றாக அடைபட்டிருப்பவருக்கும், டீக்கடையில் கூடி நிற்பவருக்கும் ஆபத்து அதிகம். கபடியில் ஆடுபவர்களுக்கே பார்ப்பவர்களைவிட ஆபத்து அதிகம். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணியின் கைக்குள் போகிற ஆட்டம் அது. பரிசோதனையும் தடுப்பூசியும் முதலில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, பார்க்க வர முடியாதவர்களுக்கு ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு கைபேசியும் ஒரு முக்காலியும் இருந்தால் யூடியூபில் நேரலை செய்யலாம். அதைக் கல்லூரியின் கடமையாக விதியில் எழுதுங்கள். தேர்வாளர்களும் அதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கட்டும்.

ஆறாவது, பொறுப்பை ஒரு பெயரில் வையுங்கள். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர், ஊர்த் திடலில் கிராம நிர்வாக அலுவலரும் கிராம சுகாதார செவிலியரும் என்று தீர்மானியுங்கள். அனுமதி கேட்டு மனுக் கொடுத்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் வர வேண்டும். பதிலே வராமல் போட்டிகள் செத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

உத்திரமேரூர் உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 1,100 வருடங்களுக்கு முன்பு, யார் ஊர் வாரியத்துக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, கணக்குக் காட்டாதவரை என்ன செய்வது என்று அங்கே கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். தகராறு வந்த பிறகு கூடிப் பேசுவதை நம்பாமல், முன்பே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்த ஊர் அது. அந்த ஊர் இருக்கும் மாவட்டத்தில் ஒரு பக்க அளவில் ஒரு திடல் விதி எழுதுவது கடினமான வேலையாக இருக்க முடியாது.

கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறக்கும். அதன் பிறகுதான் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகள் சூடு பிடிக்கும். அதற்கு முன்பு மாவட்ட விளையாட்டு அலுவலர், பொது சுகாதாரத் துறை, காவல்துறை, கல்லூரி முதல்வர்கள், உடற்கல்வி இயக்குநர்கள், ஆடுகிற பிள்ளைகளில் சிலர், குறிப்பாகப் பெண்கள், இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். எழுதிய விதியைக் கிராம சபைகளில் வாசித்துக் கருத்துக் கேளுங்கள். அளவு நாடாவோடு திடல் திடலாகப் போய்க் கணக்கெடுக்க ஆள் தேவைப்பட்டால், என்னைப் போல ஓய்வுபெற்ற உடற்கல்விக்காரர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறோம். கூலி இல்லாமல் வருகிறோம். கூட்டத்துக்கான தேதியை மட்டும் நீங்கள் குறியுங்கள்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர்,
மாகறல்.