வரைபடத்தில் ஒரு வீடு, மனையில் ஒரு வீடு!

"கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்" என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். நாள் பார்க்கிறார்கள். வாஸ்து பார்க்கிறார்கள். தலைவாசல் எந்தத் திசையில் வைக்கலாம் என்று நாலு பேரிடம் கேட்கிறார்கள். சிமெண்டு எந்தக் கடையில் மூட்டைக்கு 10 ரூபாய் மலிவு என்று அலைகிறார்கள். ஆனால், தங்கள் வீட்டுக்கு அனுமதி வாங்கிய வரைபடத்தை மட்டும் அநேகர் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

"அது எங்கே?" என்று கேளுங்கள். "என்ஜினீயரிடம் இருக்கிறது" என்பார்கள். "அதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். "அது அனுமதிக்காகப் போட்டது. நாங்கள் கட்டுவது வேறு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நம் தமிழ்நாட்டில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வரைபடத்தில் ஒரு வீடு. மனையில் ஒரு வீடு. இது கூடாது என்பது என் கருத்து. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களை நினைத்துச் சொல்கிறேன்.

3 அடி எங்கே போனது?

இரண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாலும் ஒரே வித்தியாசம்தான். வரைபடத்தில் வீட்டைச் சுற்றி இடம் விட்டிருக்கும். மனையில் அந்த இடம் இருக்காது.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. மனையின் அகலம், எதிரே உள்ள சாலையின் அகலம், கட்டிடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். 2019-ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இதற்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் மனைக்கு எவ்வளவு என்பதை என்ஜினீயரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மனை 30 அடிக்கு 40 அடி. அதாவது, அரை கிரவுண்டு. 40 அடி நீளத்துக்கு ஒரு பக்கம் 3 அடி இடம் விட்டால், 120 சதுர அடி போகிறது. 120 சதுர அடி என்றால் 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறை! வீட்டுக்காரர் மனசு கேட்குமா? "லட்சம் லட்சமாகக் கொடுத்து வாங்கிய மண். அதைச் சும்மா போடுவதா?" என்று நினைக்கிறார். மேஸ்திரியும் "சுவரை எல்லை வரைக்கும் தள்ளிவிடலாம் சார், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார். தள்ளிவிடுகிறார்கள்.

அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு அறை கூடினால் மகனுக்குக் கல்யாணம் ஆகும்போது உதவும். வாடகைக்கு விட்டாலும் காசு வரும். ஆனால் அந்த 120 சதுர அடி சும்மா கிடக்கிற இடம் அல்ல. அது வேலை செய்கிற இடம். சமையலறைப் புகை அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கழிவுநீர்க் குழாய் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும். அடைத்துக்கொண்டால் ஆள் குனிந்து குத்துவதற்கு அங்கேதான் இடம் வேண்டும். வெளிச்சுவருக்குப் பூச்சு பூசச் சாரம் கட்ட வேண்டாமா? அதையும் அங்கேதான் கட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவர் எல்லையோடு சேர்த்துச் சுவர் எழுப்பினார். பக்கத்து மனைக்காரரும் அப்படியே எழுப்பினார். இரண்டு சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து. உள்ளே கை போகாது. பூச்சு பூச முடியவில்லை. மழைத் தண்ணீர் அந்தச் சந்தில் இறங்கி, இரண்டு வீட்டிலும் சுவர் ஓதம் அடித்துவிட்டது. உள்பக்கம் எத்தனை தடவை பெயிண்டு அடித்தாலும் ஆறு மாதத்தில் உரிகிறது. சமையலறையில் பகல் 11 மணிக்கு விளக்கு எரிகிறது. அந்த அம்மாள் முப்பது வருஷம் அந்த விளக்கின் கீழேதான் சமைக்க வேண்டும்.

இரவல் வெளிச்சம்

"பக்கத்து மனை காலியாகத்தானே இருக்கிறது? அந்தப் பக்கம் ஜன்னல் வைத்துக்கொள்வோம்" என்று சிலர் வைத்துவிடுகிறார்கள். அது இரவல் வெளிச்சம். பக்கத்து மனைக்காரர் வீடு கட்டுகிற அன்று அது போய்விடும்.

"எங்களுக்கு வெளிச்சம் பெற உரிமை இருக்கிறது" என்று வழக்குப் போடலாம் அல்லவா என்று கேட்பீர்கள். 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் ஒரு ஜன்னல் வழியாக இடையூறு இல்லாமல் 20 ஆண்டுகள் வெளிச்சம் வந்திருக்க வேண்டும். நேற்று வைத்த ஜன்னலுக்கு அந்த உரிமை வராது. நம் மனையில் நாம் விட்ட 3 அடியில் வருகிற வெளிச்சத்தை யாரும் பறிக்க முடியாது.

"அந்தக் காலத்தில் சுவரோடு சுவர் ஒட்டித்தானே வீடு கட்டினார்கள்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒட்டித்தான் கட்டினார்கள். ஆனால் வீட்டுக்கு நடுவே முற்றம் விட்டார்கள். வானம் வீட்டுக்குள்ளே தெரிந்தது. காற்று மேலே இருந்து இறங்கியது. பக்கத்தில் விடாத இடத்தை நடுவில் விட்டார்கள். நாமோ முற்றத்தையும் மூடிவிட்டோம், பக்கத்தையும் மூடிவிட்டோம். இன்றும் தொடர் கட்டிடப் பகுதி என்று குறித்த இடங்களில் பக்க இடம் கேட்பதில்லை. அப்படிப்பட்ட தெருவில் கட்டுகிறவர்கள் சிறிதாக ஒரு முற்றமாவது வையுங்கள். கம்பி வலை போட்டுக்கொண்டால் திருட்டுப் பயம் இல்லை.

கையெழுத்து உங்களுடையது!

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மனை 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். கட்டிடம் 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் மாடியுமோ கட்டலாம் என்று அப்போது அறிவித்தார்கள். இணையத்தளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் முதலியவற்றைக் கொடுத்து, "விதிப்படி கட்டுவேன்" என்று நீங்களே சான்று சொன்னால் உடனே அனுமதி கிடைக்கும். முன்கூட்டி அதிகாரி வந்து மனையை அளக்கமாட்டார்.

இது நல்ல திட்டம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் முன்பெல்லாம் தப்பு நடந்தால், "அவர் பார்த்துத்தானே கொடுத்தார்?" என்று அதிகாரி மேல் பழி போட்டோம். இப்போது போட முடியாது. சொன்னதற்கு மாறாகக் கட்டினால் அனுமதியை ரத்து செய்யலாம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீசும் வரலாம், பூட்டி முத்திரையும் வைக்கலாம். அந்த நோட்டீசு மேஸ்திரி பெயருக்கு வராது. உங்கள் பெயருக்குத்தான் வரும். வீட்டை விற்கப் போனாலும், வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கும்.

(அங்கீகாரமே இல்லாத மனையை வாங்கியவர்கள் கதை வேறு. 2016-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள்.)

கோலமாவு போதும்

இடம் விட்டால் வீடு சிறுத்துப்போகுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, வரைபடத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பதுதான். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் யார்? அவரைக் கேட்காமல் சமையலறையைத் தீர்மானிக்கலாமா? கால் வலிக்கிற பாட்டிக்குக் கழிவறை எத்தனை எட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

படம் புரியவில்லை என்றால் கோலமாவை எடுங்கள். மனையைச் சுத்தம் செய்து, வரைபடத்தில் உள்ளபடி அறைகளைக் கோடு போடுங்கள். வெளிச்சுவருக்கு 9 அங்குலம் கழியுங்கள். கட்டில், பீரோ இவற்றின் அளவுக்கும் கோடு போடுங்கள். உள்ளே நடந்து பாருங்கள். கதவு திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ஹால் 20 அடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள், 16 அடியே போதும் என்று அங்கேயே ஒப்புக்கொள்வார்கள். அந்த 4 அடியைப் பக்கத்தில் விடலாம். மாற்ற வேண்டியதை மாற்றி, அந்தப் படத்தையே அனுமதிக்குக் கொடுங்கள். பிறகு வேறு வீடு கட்டத் தேவையே இராது.

முளைக்குச்சி அடித்து நூல் கட்டுகிற நாள்தான் முக்கியமான நாள். பூமி பூஜைக்கு வந்தவர்களுக்குப் பந்தி போடுகிற அவசரத்தில் அதை மேஸ்திரியிடம் விட்டுவிடாதீர்கள். ஒரு கையில் வரைபடம், ஒரு கையில் டேப்பு. எல்லைக் கல்லிலிருந்து நூல் வரைக்கும் நாலு பக்கமும் அளங்கள். கடைக்கால் தோண்டிக் கல் போட்ட பிறகு அளந்து பயன் இல்லை. சுவர் நேராக இருந்தாலும் மாடியில் சன்ஷேடு பக்கத்து மனைக்குள் நீட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். பாதிச் சண்டை அதில்தான் வருகிறது.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதி வரைபடம் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. அளவு மீட்டரில் இருக்கிறது. கொத்தனாரோ அடிக்கணக்கில் அளக்கிறார். ஒரு மீட்டர் என்பது 3 அடி 3 அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல். அதை 3 அடி என்று வைத்துக்கொண்டால் 3 அங்குலம் அங்கேயே போய்விட்டது! வரைபடத்தின் ஓரத்தில், முன்னால் இத்தனை அடி, பக்கத்தில் இத்தனை அடி என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? கட்டுகிற இடத்தில் அதை ஒரு பலகையில் ஒட்டி வைக்கலாம். சித்தாள் கூடப் படித்துச் சொல்லிவிடுவாள்.