மாளிகை யாருக்கு?

சென்னைக் கடற்கரைச் சாலையில் கேப்பர் இல்லம் என்றொரு மாளிகை இருந்தது. வெள்ளைக்காரக் கர்னல் ஒருவரின் பெயர் தாங்கியது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், 1914-இல், 37 மாணவிகளோடு அங்கே ஒரு கல்லூரி பிறந்தது. அதுதான் இராணி மேரிக் கல்லூரி!

2003-இல் நடந்தது என்ன? தலைமைச் செயலகம் கட்ட அந்த இடமே வேண்டும் என்றது அன்றைய அ.தி.மு.க. அரசு. மாணவிகள் கொதித்தெழுந்தனர், மக்கள் துணை நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால், தோழர்களே, உண்மையை மறைப்பானேன்? அன்று தப்பிய கேப்பர் இல்லம், பராமரிப்பின்மைக்குத் தப்பவில்லை. சிதைந்தது, இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2010-இல் கலைஞர் மாளிகை எழுந்தது. இடம் இன்றும் மாணவிகளுடையதே, அது வெற்றி. பழைய கட்டடம் போனதோ, நம் எல்லோருடைய குறை.

பொன்னேரியிலும் 1965 முதல் அரசு கல்லூரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி ஆலையிலே உழைக்கும் தோழனின் பிள்ளைக்கு அதுதானே மாளிகை! பறிக்க வரும்போது பாய்ந்தெழும் வீரம் மட்டும் போதாது. கூரை ஒழுகினால், சுவர் வெடித்தால், அன்றே சென்று கேட்கும் விழிப்பும் வேண்டும். ஆட்சி எவருடையதாயினும் கேளுங்கள்! கட்டடம் மக்களுடையது, காக்கும் கடமையும் மக்களுடையதே!