சக்கரத்தடி எலுமிச்சை

பழைய கார் வாங்குவது பற்றிப் பேச்செடுத்தாலே நமது சூழலில் முதலில் வந்து நிற்கும் சொல் ‘நம்பிக்கை’. நம்பிக்கையான இடம், நம்பிக்கையான ஆள், நம்பி எடுக்கலாம். இச்சொல்லின் மீதுதான் நமது புகார். மனித உறவுகளில் அதற்குள்ள மாண்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் சில இலட்சம் ரூபாய் கைமாறும் வணிகத்தில் அது சோதனையின் இடத்தைப் பறித்துக்கொள்ளும்போது விற்பவருக்கு மட்டுமே ஊழியம் செய்கிறது. ‘எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்ற ஒரு கேள்வியில் வாங்குபவரின் பத்துக் கேள்விகள் அடங்கிப்போகின்றன.

இலக்கியம் பேசுவோர் பேச வேண்டிய விஷயமா இது என நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு நாவலின் நான்காம் அத்தியாயத்திற்கும் பதினேழாம் அத்தியாயத்திற்கும் இடையிலான முரணைச் சுட்டிக்காட்டி வாரக்கணக்கில் விவாதிக்கிறோம். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரு கீறல் இல்லை’ என்னும் மூன்று துண்டுப் பிரதியின் முன் மட்டும் நமது வாசிப்புப் பழக்கத்தை ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம்? மருத்துவர் ஓட்டினால் கிளட்ச் தேயாது என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. அங்கே விற்கப்படுவது ஒரு வர்க்கத்தின் மீது நமக்குள்ள பணிவு.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன என்பது எழுதுவோர் அனைவருக்கும் ஆறுதலளிக்கும் செய்தி. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான சிந்தனையின் தொடக்கம் அக்கட்டுரைதான். அதன் சாரம் எளியது. காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் நல்லதற்கும் கெட்டதற்கும் இடைப்பட்ட ஒரு விலையைத்தான் தருவார். அவ்விலைக்குத் தன் நல்ல காரைக் கொடுக்க மனமின்றி நேர்மையான உரிமையாளர் விலகுவார். எஞ்சியவற்றின் தரம் தாழும், விலையும் தாழும், இன்னும் சில நல்ல கார்கள் விலகும். முடிவில் சந்தையில் பழுதுகளே மிஞ்சும். அமெரிக்கப் பேச்சுவழக்கில் அத்தகைய பழுதுக் காருக்கு எலுமிச்சை என்று பெயர்.

நாமோ எலுமிச்சையைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கும் மரபினர். சடங்கின் மீது நமக்குக் காழ்ப்பு ஏதுமில்லை. அதைச் செய்யக் குனியும்போது அந்த டயரையும் சற்றுப் பார்த்திருக்கலாம் என்பதே நமது கட்சி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டு உற்பத்தியான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு இருக்கலாம். இதை அறிய மெக்கானிக்கும் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

காரின் உடலே ஒரு பிரதிதான். ஓடோமீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்கிறது. பிரேக் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. ஸ்டியரிங்கின் தோல் பளபளக்கிறது, ஓட்டுநர் இருக்கை ஒருபுறம் அமிழ்ந்திருக்கிறது. இவற்றில் எதை நம்புவது? மின்னணு ஓடோமீட்டரின் எண்ணைக் கருவி கொண்டு சில நிமிடங்களில் குறைத்துவிட முடியும். ரப்பரின் தேய்மானத்தை அப்படிக் குறைக்க முடியாது, புதிதாக மாற்றத்தான் முடியும். பழைய காரில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு வாக்குமூலமே. சர்வீஸ் ஆவணங்களில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பதிவான கிலோமீட்டரை வரிசையாகப் பார்த்தால் எண் எங்கே பின்னோக்கி நடந்தது என்பது புலப்படும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் காரைப் பார்க்க வேண்டும். நாம் போய்ச் சேர்வதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பது பழைய தந்திரம். பானெட்டில் கை வைத்தாலே தெரிந்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்கிறது. இன்ஜின் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என ஐயுற வேண்டும். பானெட், ஃபெண்டர் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அவை கழற்றப்பட்டிருக்கின்றன. கதவு இடைவெளிகள் இருபுறமும் சீராக இல்லையெனில் எங்கோ பட்டறை வேலை நடந்திருக்கிறது. இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்ட மறுக்கும் இடத்தில் உள்ளே இருப்பது பட்டி.

சென்னைக்கு இதில் தனி அத்தியாயம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் அனைத்தும் காயலான் கடைக்குப் போய்விட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கழுவி, உலர்த்தி, நறுமணம் தெளித்தவையும் கைமாறுகின்றன. சீட் பெல்ட்டை முழு நீளத்திற்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைச் சலவை செய்பவர்கள் சுருளின் உட்பகுதியை மறந்துவிடுவார்கள், சேற்றுக்கறை அங்கே இருக்கும். இருக்கைத் தண்டவாளத்தின் துருவும் ஸ்டெப்னிக் குழியின் வண்டலும் வெள்ளத்தின் சாட்சிகள். அத்தகைய காரில் மின் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் மெல்ல அரிக்கப்பட்டு, மாதங்கள் கழித்து நெடுஞ்சாலையில் பழிவாங்கும். இழப்பு அப்போது பணத்தோடு நிற்காது.

இனி தாள்கள். கார் ஓடுகிறது, ஆர்.சி. இருக்கிறது, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் சோம்பல் நம்மிடையே பரவலானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவில், ஒரே மாநிலத்திற்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இதற்கெனப் படிவம் 29, படிவம் 30 உள்ளன. கடனில் வாங்கிய கார் எனில் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். வேறு மாநிலத்துக் கார் என்றால் படிவம் 28. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் நாமே குனிந்து ஆர்.சி.யுடன் ஒப்பிட வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கை மாறிய பின்னும் பதிவேட்டில் முதல் உரிமையாளர் பெயரே நீடித்த ஒரு காரால் 2009-இல் விபத்து நேர்ந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவருடையதே என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை விற்றுக் காசை எண்ணியதோடு உறவு முடிந்தது என்று இருப்பவர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

காப்பீட்டிலும் இதே மயக்கம்தான். கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி உடன் வரும். காருக்கே ஏற்படும் சேதத்திற்கான காப்பீடு தானாக வராது என்பதை 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நாம் நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவர் ஈட்டிய நோ கிளெய்ம் போனஸ் அவருடனேயே போய்விடும்.

‘இதெல்லாம் எதற்கு, நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்துச் சான்றளிக்கின்றனவே’ என்பார்கள். சான்றளிப்பவரே விற்பவராகவும் இருக்கையில் அச்சான்று பதிப்பாளர் எழுதும் பின்னட்டைக் குறிப்புக்கு நிகரானது. படிக்கலாம், அதையே விமர்சனமாகக் கொள்ளக் கூடாது. பழைய வாகன வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது, அவை 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டுமாறு கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? விற்பவருக்குக் கடமைப்படாத ஒரு மெக்கானிக்கை நம் செலவில் அழைத்துச் செல்வதைச் செலவு என்று கருதுபவர்கள், அவர் வேண்டாம் என்று சொல்லும் ஒரு காரின் விலையோடு அக்கூலியை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி கேட்பது விற்பவரை அவமதிப்பது என்னும் எண்ணத்தைத்தான் நாம் முதன்மையாக எதிர்க்கிறோம். அகர்லாஃபின் தர்க்கத்தை மீண்டும் பாருங்கள். யாரும் எதையும் சோதிக்காத சந்தையில் முதலில் தோற்று வெளியேறுபவர் நேர்மையான விற்பனையாளர். பராமரித்த காருக்கும் பட்டி பூசிய காருக்கும் ஒரே விலை கிடைக்குமென்றால் அவர் பராமரித்ததற்கு என்ன பொருள்? அவருடைய ஆயில் மாற்றிய ரசீதுகளைப் பொறுமையாகப் புரட்டிப் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ‘நம்பி எடுங்கள்’ என்பவரிடம் ஆர்.சி.யையும் சர்வீஸ் புத்தகத்தையும் கேளுங்கள். எடுத்துத் தருபவர் காயப்பட மாட்டார். காயப்படுபவரிடம் வாங்க வேண்டாம்.