திரை பெரிதானால் எழுத்து தெளியாது

"பெற்றோருக்குப் பெரிய திரையுள்ள கைப்பேசியாக வாங்கிக் கொடுங்கள், எழுத்து தானாகத் தெளியும். பிக்சல் அடர்த்தி என்பது வியாபாரிகள் கட்டிய கதை." இப்படி ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிள்ளைகள் இதை நம்பிக் காசைக் கொட்டுவார்கள் என்பதால் சும்மா விட முடியவில்லை. அவர் சொன்னது தவறு. எளிய கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் சொன்ன தவறு.

மலிவு விலைக் கைப்பேசிகள் பலவற்றில் 720 × 1600 புள்ளிகள்தான் இருக்கின்றன. அவற்றை 6.7 அங்குலத் திரையில் பரப்பினால் அங்குலத்துக்கு 262 புள்ளி வரும், அதுதான் பிக்சல் அடர்த்தி. அதே புள்ளிகளை 6 அங்குலத்தில் அடக்கினால் 292. கண்ணாடி வளர்ந்ததால் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. ஒவ்வொரு புள்ளியும் பருத்ததுதான் மிச்சம். 2019இல் வந்த ஐபோன் 11இன் திரை 6.1 அங்குலம், அடர்த்தி 326. அதோடு வந்த 11 புரோவின் திரை 5.8 அங்குலம்தான், ஆனால் அடர்த்தி 458. பெரியதுதான் தெளிவு என்பவர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்?

அவர் காட்டும் சாட்சி வீட்டுத் தொலைக்காட்சி. 55 அங்குல 4கே தொலைக்காட்சியில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 80 புள்ளிகள்தான். அது தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் நாம் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பது. கைப்பேசியை யாரும் அவ்வளவு தூரத்தில் வைத்துப் படிப்பதில்லை. அவருடைய சாட்சியே அவரைக் கைவிடுகிறது.

அடர்த்தி கட்டுக்கதை என்றவர், அடுத்த மூச்சிலேயே "ஸ்டீவ் ஜாப்ஸே 300 போதும் என்றாரே, 262 பக்கத்தில்தானே இருக்கிறது" என்கிறார். கட்டுக்கதை என்றால் அதன் அளவுகோலை ஏன் கையில் எடுக்க வேண்டும்? 2010இல் 326 அடர்த்தியுள்ள ஐபோன் 4ஐக் காட்டியபோது, 10 முதல் 12 அங்குலத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது என்று ஜாப்ஸ் சேர்த்தே சொன்னார். அந்தப் பாதியை இவர் விழுங்கிவிட்டார். இயல்பான பார்வை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 30 சென்டிமீட்டரில் அதற்கு 291 புள்ளி வேண்டும். 25 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 350. இரண்டுக்கும் 262 போதாது. 2015இல் சோனி எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியம் 806 அடர்த்தியோடு வந்தது வீண் ஆடம்பரம் என்று அவர் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். 800 வீண் என்பதால் 262 போதும் என்று ஆகிவிடாது.

நம் பெரியவர்கள் கைப்பேசியில் எதைப் படிக்கிறார்கள் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது. இன்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் நாளிதழ்ப் பக்கத்தின் படமே பலருக்குப் பத்திரிகை. எட்டுப் பத்திகள் உள்ள ஒரு பக்கம் 720 புள்ளி அகலத்தில் விரிந்தால் ஒரு பத்திக்கு 90 புள்ளி. வரிக்கு 15 எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு ஆறே புள்ளி. அந்த ஆறுக்குள் 'ண'வின் சுழிகளும் கால்களும் எப்படி அடங்கும்? 'ண'வும் 'ன'வும் ஒரே கறையாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். 1080 புள்ளித் திரையில் அதே எழுத்துக்கு ஒன்பது கிடைக்கும். கொஞ்சம் பெரிதாக்கினாலே படித்துவிடலாம்.

"வயதான கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது" என்பது அவர் சொன்னதிலேயே மோசமானது. வெள்ளெழுத்து என்பது கிட்டத்தில் குவிக்க முடியாத குறை. படிக்கும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். கண்ணாடி போட்டு ஆர்வமாகப் படிக்கும் அம்மாவிடம் போய் உங்களுக்கு இது போதும் என்று சொல்ல இவர் யார்? பெரிய எழுத்து அவர்களுக்கு உதவும் என்பது உண்மைதான். பெரிய திரையில் வரிக்குக் கூடுதல் சொற்கள் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் அது இட வசதி. தெளிவு என்று அதை விற்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகளே, லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் கிள்ளானில் வாங்கினாலும் அங்குலத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். பெட்டியில் 720 என்று இருக்கிறதா, 1080 என்று இருக்கிறதா பாருங்கள். 1080 × 2400 என்றால் அதே 6.7 அங்குலத்தில் 393 அடர்த்தி கிடைக்கும். கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, அம்மாவையோ அப்பாவையோ படிக்கச் சொல்லுங்கள். முடிவை அவர்கள் கண் சொல்லட்டும்.