பைத்தான் மட்டும் போதும் என்பது பினாங்குக்குப் பொருந்தாது

கெலுகோரில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை கணினித் துறைக்குப் போக ஆசைப்பட்டால், கேட்கும் இடமெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: "பைத்தான் படி, அது மட்டும் போதும். மற்றதெல்லாம் பழசு." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை சில ஆண்டுகள் கழித்து வேலை தேடப் போவது எங்கே? பெரும்பாலும் தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கும் பாயான் லெப்பாஸில், இல்லையென்றால் பாலத்தைக் கடந்து பிறையிலோ பத்து காவானிலோ கூலிமிலோ. அந்த வாசல்களில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காமல் கொடுக்கப்படும் அறிவுரை இது. அறிவுரை தவறிப் போனால் வீணாகும் ஓராண்டின் செலவை அந்தக் குடும்பம்தான் சுமக்கிறது. ஆகவே இந்தப் பேச்சின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் காட்டப்படும் சான்று உலகத் தரவரிசை. நிரல்மொழிகளை வரிசைப்படுத்தும் டியோபி பட்டியலில் பைத்தான் முதலிடத்தில் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயருக்கு எத்தனை பக்கங்கள் கிடைக்கின்றன என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. பாடக்குறிப்புகள், பயிற்சி வகுப்புகள், மாணவர்களின் கேள்விகள் எல்லாம் அதில் சேரும். பினாங்கில் யார் யாரை வேலைக்கு எடுக்கிறார்கள் என்பது அதில் தெரியவே தெரியாது.

இங்கே உள்ள வேலையின் குணத்தை இந்த ஊரின் வரலாறு எப்போதோ முடிவு செய்துவிட்டது. லிம் சொங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972இல், பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அதே ஆண்டு இங்கே அமைத்தது. ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி என்று வரிசையாக வந்தன. அரை நூற்றாண்டாக இந்தத் தீவு சிப்பைப் பொதிந்து, சோதித்து, அனுப்பி வந்திருக்கிறது. அதற்கான இயந்திரங்களைத் தானே செய்யவும், சிப்பைத் தானே வடிவமைக்கவும் பிறகு கற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட ஊரில் நிரல் என்பது பெரும்பாலும் ஒரு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பது.

அடுத்து, "சி செத்த மொழி" என்கிறார்கள். பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியதும் பாயான் லெப்பாஸ் மண்டலம் பிறந்த அதே 1972ஐ ஒட்டித்தான். இரண்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மாணவர்கள் கையில் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட் இடம், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். அதில் பைத்தான் ஏறாது. "மைக்ரோபைத்தான் இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதற்கே 256 கிலோபைட் இடமும் 16 கிலோபைட் நினைவகமும் வேண்டும். லட்சக்கணக்கில் செய்து விற்கும் பொருளில், ஒவ்வொன்றிலும் பெரிய சிப் போட எந்த நிறுவனமும் எளிதில் சம்மதிக்காது. இப்படிப் பொருளின் சிப்புக்குள்ளேயே குடியிருக்கும் நிரலான ஃபர்ம்வேர் எழுதப் போகிறவருக்கு சி இன்றும் அன்றாட மொழி.

"விஷுவல் பேசிக்கா? அதெல்லாம் எப்போதோ போய்விட்டது" என்பது இன்னொரு பேச்சு. இதில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் பினாங்கின் நெடுநாள் தொழிலே சிப் சோதனை. சிப் பொதிந்து முடிந்ததும் ஹேண்ட்லர் என்ற இயந்திரம் அதை எடுத்து டெஸ்டர் என்ற சோதனை இயந்திரத்தின் மேல் வைக்கிறது. மின்சாரம் கொடுத்து, சமிக்ஞைகளை அனுப்பி, வரும் விடை சரியா என்று டெஸ்டர் பார்க்கிறது. என்ன கொடுப்பது, எதை அளப்பது, எந்த எல்லைக்குள் இருந்தால் தேர்ச்சி என்று சொல்வதுதான் டெஸ்ட் எஞ்சினியர் எழுதும் நிரல். உலகெங்கும் பரவலாக இருக்கும் டெரடைன் அல்ட்ராஃப்ளெக்ஸ் டெஸ்டரின் ஐ.ஜி.-எக்ஸ்.எல். மென்பொருள் எக்செல்லின் மேல் கட்டப்பட்டது. சோதனை நிரல் எக்செல் தாள்களிலும் விஷுவல் பேசிக்கிலும் எழுதப்படுகிறது. அதற்குப் போட்டியான அட்வான்டெஸ்ட் வி93000இல் ஸ்மார்டெஸ்ட் 7ஆம் பதிப்புக்கு சி++, 8ஆம் பதிப்புக்கு ஜாவா. இங்கே மொழியை முடிவு செய்வது பல மில்லியன் ரிங்கிட் பெறுமானமுள்ள அந்த இயந்திரம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரவரிசையில் முன்னால் இருக்கும் மொழிக்கு மாற எந்த நிறுவனத்தாலும் முடியாது. நான்காம் படிவத்துக் கணினி அறிவியல் பாடத்தில் படித்த ஜாவாவைப் பழசென்று மறந்துவிட்ட பிள்ளை, தன் கையில் ஏற்கெனவே இருந்ததையே தொலைக்கிறது.

இந்த வேலையில் மொழியை மேலோட்டமாகத் தெரிந்து வைத்திருப்பதும் உதவாது. ஒரு சிப்பின் சோதனை நேரத்தில் 0.2 நொடியைக் குறைத்தால், பத்து லட்சம் சிப்புக்கு 55 மணி நேரத்துக்கும் மேல் டெஸ்டர் நேரம் மிச்சம். அதைக் குறைக்கத் தெரிந்த பொறியாளரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது.

இயந்திரம் செய்யும் நிறுவனங்களில் கதை வேறு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யூ.எஸ்.எம்.) படித்த பொறியாளர்கள் 2000இல் தொடங்கியது வீட்ராக்ஸ்; அதுவும் பென்டாமாஸ்டர், கிரேடெக் ஆகியவையும் இந்த மண்ணில் வளர்ந்தவை. கேமராவால் சிப்பைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் கருவியில் படத்தை அலசும் பகுதிக்கு வேகம் வேண்டும், அதற்கு சி++. இயக்குபவர் தொடும் திரைக்கும் மோட்டார்களை ஒருங்கிணைப்பதற்கும் இந்தத் துறையில் பரவலாக இருப்பது சி ஷார்ப். அந்தக் கருவி தொழிற்சாலையின் தலைமைக் கணினியோடு பேச எஸ்.இ.சி.எஸ்./ஜெம் என்ற நெறிமுறை இருக்கிறது. கணினி வகுப்புகளில் அதன் பெயர் காதில் விழுவதே அரிது. நேர்முகத் தேர்வில் அதை விளக்கத் தெரிந்தவரை யாரும் அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

சிப் வடிவமைப்புக்குப் போக நினைப்பவருக்கு சிஸ்டம்வெரிலாக் வேண்டும். சாதாரண நிரல் வரி வரியாக நடக்கும். வெரிலாக்கில் எழுதுவது சுற்றாக மாறி, எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் இயங்கும். இந்த எண்ணமுறை பைத்தானில் எத்தனை ஆண்டு பழகினாலும் தானாக வந்துவிடாது. வடிவமைப்பு மென்பொருள்களை இயக்க டி.சி.எல். மொழி வேண்டும், பழைய கருவித் தொகுப்புகளில் பெர்ல் இன்னும் கிடக்கிறது. அரசாங்கம் 2024 மே மாதம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் 10,000 பேருக்கான பயிற்சி பேசப்பட்டது. அந்த எண்ணிக்கைக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை. யூ.எஸ்.எம்.மையே எடுத்துக்கொண்டால், கணினி அறிவியல் மிண்டன் வளாகத்தில், நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. மின்னணுப் பொறியியல் நிபோங் திபால் வளாகத்தில். எந்த வேலைக்கு எது வழி என்று தெரியாமல், பக்கம் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது.

பட்டப்படிப்பு வேண்டாம், டிப்ளோமாவோடு வேலைக்குப் போகிறேன் என்பவருக்கும் நிரல் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்படுத்திகளுக்கு எழுதப்படும் லேடர் வரைபடம் ஒரு நிரல்மொழிதான்; ஐ.இ.சி. 61131-3 தரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பராமரிப்புத் தொழில்நுட்பராகச் சேர்ந்து அதைக் கற்றுத் தேர்பவருக்குச் சம்பளமும் பொறுப்பும் உயரும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கலாமே" என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. விண்ணப்பத்தில் பத்து மொழிப் பெயர் இருந்தால், கேள்வி கேட்பவர் அதில் ஒன்றைத் தொட்டு ஆழம் பார்ப்பார். சி மொழியில் நினைவக முகவரி, சுட்டி, பிட் கணக்கு ஆகியவற்றை உண்மையாகப் புரிந்துகொண்டவருக்கு சி++க்கும் சி ஷார்ப்புக்கும் போவது சில மாத வேலைதான்.

கடைசியாக வந்த பேச்சு, "இனி ஏ.ஐ. எழுதிவிடும், மொழியே எதற்கு" என்பது. எழுதுகிறது, நன்றாகவே எழுதுகிறது. ஆனால் பிழையில்லாமல் ஓடும் நிரலுக்கும் சென்சார் பதில் சொல்லாமல் நிற்கும்போது, ஆசிலோஸ்கோப்பையும் சிப்பின் விவரத்தாளையும் நிரலையும் ஒருசேரப் பார்த்து எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க, அந்த வரிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். இன்னொன்று ரகசியம். பொறியாளர்கள் உள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்து, சாம்சுங் 2023 மே மாதத்தில் ஊழியர்கள் அத்தகைய சேவைகளைப் பயன்படுத்துவதற்குத் தடை போட்டது. வாடிக்கையாளரின் சிப் ரகசியத்தைக் காக்கும் கடமையுள்ள தொழிலில், எல்லாவற்றையும் வெளியே அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம் என்று நம்பி இருக்க முடியாது.

பைத்தானுக்கு உரிய இடத்தை மறைப்பது நியாயமில்லை. டெஸ்டர்கள் கக்கும் தரவை அலசி, எந்தத் தொகுதியில் தேர்ச்சி விகிதம் ஏன் சரிந்தது என்று கண்டுபிடிக்க அது அருமையான கருவி. கூடவே எஸ்.க்யூ.எல். வேண்டும். தரவுத்தளத்திலிருந்து எடுக்கத் தெரியாதவரின் பைத்தான் பாதியிலேயே நின்றுவிடும். இணையதளம், வங்கி மென்பொருள், பகிர்வுச் சேவை மையங்கள் ஆகிய வழிகளும் பினாங்கில் உண்டு. அங்கே போகிறவர் ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் படிக்கட்டும். அது அவரே தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இது. முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள்: சோதனையா, கருவியா, ஃபர்ம்வேரா, வடிவமைப்பா, தரவா. பாயான் லெப்பாஸுக்கு வந்திருக்கும் முப்பது வேலை விளம்பரங்களையாவது படித்து, எந்த மொழிப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொழில்துறையும் அரசும் சேர்ந்து 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் என்ன பயிற்சி நடக்கிறது என்று பாருங்கள். தொடங்குவதற்குப் பெரிய பணம் வேண்டாம்: வெரிலாக் எழுதிப் பார்க்க ஐகாரஸ் இலவசம், சி ஷார்ப்புக்கு விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி இலவசம், ஆர்டுயினோ மாதிரிப் பலகை மலிவு. விடுமுறையில் கணினி வகுப்பு நடத்த முன்வரும் நம் சங்கங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களும், பைத்தான் வகுப்போடு சி மொழிக்கும் ஒரு வகுப்பு வைக்கட்டும். பாயான் லெப்பாஸில் டெஸ்ட் எஞ்சினியராக, தொழில்நுட்பராக இருக்கும் நம்மவர்களைக் கூப்பிட்டால், தாங்கள் நாள்தோறும் எழுதும் நிரல் எந்த மொழியில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் நேரிலேயே சொல்வார்கள்.